புத்தி எட்டிய தூரம்

அலோசியஸின் வாயில் எல்லாச் சொல்லும் வரும், ‘தெரியாது’ என்ற ஒன்றைத் தவிர. மன்னார்ப் பக்கத்து உபதபாற்கந்தோர் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் கதிரை தேய்த்த மனிதர். 1985இல் கிழக்கு பெர்லின் வழியாக வந்து, கெல்சென்கிர்ச்சனில் பழைய சுரங்கத் தொழிலாளர் விடுதியின் மூன்றாம் மாடியில் அகதியாகக் குந்தியபோதும் அந்தக் கந்தோர் அவரை விட்டுப் போகவில்லை. சட்டைப் பையில் இரண்டு பேனை, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. விடுதியில் யாருக்கு எந்த அன்ட்றாக், அதாவது விண்ணப்பப் படிவம், நிரப்ப வேண்டுமென்றாலும் படியேறி அவரிடம்தான் வருவார்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரியும், டொச் என்கிற ஜெர்மன் பாஷை அரைகுறை. ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்தக் கதைதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பொல்லாத மனிதரில்லை. உதவி செய்ததற்கு ஒரு தேத்தண்ணிக்கு மேல் யாரிடமும் வாங்கியதில்லை.

அவருடைய அறையில் அடுத்த கட்டிலில் படுத்தவன் பேனாட். இருபத்து நாலு வயது. அவனுடைய தமையனை ஆமி முகாமுக்குக் கொண்டுபோய் எட்டு மாதம், பிணமும் வரவில்லை. தமையனைப் பிடித்த அன்று தேடி வந்தது உண்மையில் தம்பியைத்தான். திருப்பி அனுப்பினால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதோடு பேனாட்டின் கதையும் முடிந்தது. இது அலோசியஸுக்கு நன்றாகவே தெரியும்.

அடுத்த வருடம் மார்ச்சில் ஒரு நாள் பேனாட் ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினான். பதிவுத் தபால் ஒன்று வந்ததாம், ஆள் இல்லாதபடியால் தபாற்கந்தோரில் வைத்திருக்கிறதாம், வந்து எடுக்கட்டாம். அகதி விண்ணப்பத்தை நிராகரிக்கும் கடிதமெல்லாம் இப்படித்தான் வருகிறதென்று விடுதியில் ஒரு கதை அடிபட்டது.

“என்ன செய்யிறது அண்ணை? போய் எடுக்கட்டோ?”

“உனக்கென்ன விசரே? போகாதை!” அலோசியஸ் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். “கையெழுத்து வைச்சு வாங்கினால்தான் அது கடிதம். வாங்காட்டி அனுப்பினவனிட்டையே திரும்பிப் போகும். கோட்டு வழக்குக் கடிதத்துக்குக் கையெழுத்து வைக்காமல் தப்பின எத்தினை பேரை நான் கண்டிருக்கிறன். ‘ஆள் இல்லை’ எண்டு இந்தக் கையாலை எழுதித் திருப்பியிருக்கிறன்.”

“உண்மையாத்தானே அண்ணை?”

“தபால் விசயம் எனக்குச் சொல்லித் தாறியோ?”

சொன்னதோடு விட்டாரா? துண்டை வாங்கி நாலாகக் கிழித்துக் குப்பை வாளியில் போட்டார். பேனாட் பெருமூச்சு விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவருக்கும் வயிறு குளிர்ந்தது.

வியாழக்கிழமைகளில் கிறிஸ்தவக் கோயில் மண்டபத்தில் அகதிகளுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்து, பழைய உடுப்புப் பங்கிடுவார் மோராக் என்ற பெண்மணி. ஸ்கொட்லாந்துக்காரி, டொச்சுக்காரரைக் கட்டி அங்கே குடியேறியவர். அலோசியஸ் வயிறாற ஆங்கிலம் பேசக்கூடிய ஒரே ஆள். பேனாட்டைக் காப்பாற்றிய பெருமையை அவரிடம் அவிழ்த்துவிட்டார். மோராக் கோப்பிக் கேத்தலை மேசையில் வைத்துவிட்டார்.

“இது என்னுடைய ‘கென்’னுக்கு அப்பாற்பட்டது,” என்றார். அலோசியஸ் விழிப்பதைக் கண்டு விளங்கப்படுத்தினார். அது அவருடைய ஊரின் பழைய சொல். ஒரு மனிதனுடைய அறிவு எதுவரை எட்டுமோ அதுவரைதான் அவனுடைய கென், அதற்கு அப்பால் அவன் குருடன். “எனக்கு இந்த நாட்டுச் சட்டம் அவ்வளவு எட்டாது. ஆனால் நீங்கள் சொல்வது எனக்குப் பயமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை இங்கே வழக்கறிஞர் வருவார். அந்தப் பையனைக் கூட்டி வாருங்கள்.”

தலையாட்டிவிட்டு வந்தார் மனிதர். வழியெல்லாம் கோபம். பதினைந்து வருடம் இந்த நாட்டில் இருந்துகொண்டு எட்டாது என்று சொல்ல வெட்கமில்லையா இந்த மனுசிக்கு! செவ்வாய்க்கிழமை வந்தது, போனது. பேனாட்டிடம் அவர் வாயே திறக்கவில்லை.

கடிதம் எதுவும் வரவில்லை. இரண்டு கிழமை, மூன்று கிழமை. விடுதியில் இன்னும் இரண்டு பேர் துண்டைக் கிழித்தார்கள். எல்லாரும் அலோசியஸ் அண்ணையின் மூளையை மெச்சினார்கள். அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை. மஞ்சள் தபால் வான் தெருமுனையில் திரும்பினால் யன்னலடிக்குப் போய் நிற்பார். வான் நிற்காமல் போனால் இன்னும் பயம். அனுப்பினவன் ஏன் சும்மா இருக்கிறான்? திரும்பிப் போன கடிதத்துக்கு இரண்டாவது கடிதம் வர வேண்டுமே? இருபத்திரண்டு வருட அனுபவத்தில் இப்படி ஓர் அமைதியை அவர் கண்டதில்லை.

ஐந்து கிழமை கழிந்து, ஒரு வெள்ளிக்கிழமை, யாருக்கும் சொல்லாமல் தபாற்கந்தோருக்குப் போனார். கவுண்டரில் இருந்தவர் அவருடைய வயதுக்காரர், அவரைப் போலவே பையில் இரண்டு பேனை. கொஞ்சம் ஆங்கிலம் பேசினார். இன்னாரின் கடிதமென்று சொல்லாமல் பொதுவாகத்தான் கேட்டார் அலோசியஸ். அந்த மனிதர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இங்கே வைத்துவிட்டு வீட்டில் துண்டு போட்ட நாளே கடிதம் கொடுபட்ட நாள். எடுத்தாலும் ஒன்றுதான், எடுக்காவிட்டாலும் ஒன்றுதான். அரசாங்க அலுவலகக் கடிதமென்றால் அன்றிலிருந்து மேன்முறையீடு செய்யும் தவணைக் காலம் ஓடும். பெரும்பாலும் ஒரு மாதம்.

அலோசியஸ் விரல்விட்டு எண்ணினார். முப்பத்தாறு நாள். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அறைக்கு வந்தால் பேனாட் இறைச்சிக் கறி வைத்திருந்தான்.

“இருங்கோ அண்ணை, சாப்பிடுங்கோ. ஒரு மாசத்துக்கு மேலை போச்சு, ஒண்டும் வரேல்லை. நீங்கள் இல்லாட்டி நான் என்ன பாடுபட்டிருப்பன்!”

சொல்ல வாயெடுத்தார். பொடியன் சட்டியைச் சுரண்டி நல்ல துண்டாகப் பார்த்து அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் போட்டான். சாப்பிடட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தார். சனிக்கிழமை காலை சொல்லலாம். ஞாயிறு பூசை முடியச் சொல்லலாம். செவ்வாய்க்கிழமை வழக்கறிஞரிடம் நேரே கூட்டிப் போனால் சொல்லவே தேவையில்லை. இப்படியே மூன்று நாளைத் தின்றார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவு தட்டுப்பட்டது. இரண்டு பொலிஸ்காரர், கையில் ஒரு தாள். பேனாட்டின் பெயரை வாசித்து, உடுப்பை அடுக்கச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

“அண்ணை, இவைக்குச் சொல்லுங்கோ!” பேனாட் அவருடைய கையைப் பிடித்தான். “நான் ஒண்டுக்கும் கையெழுத்து வைக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. அந்தக் கடிதம் எனக்குக் கிடைக்கேல்லை எண்டு சொல்லுங்கோ.”

அலோசியஸுக்கு அழுகை வந்துவிட்டது.

“அது செல்லாது தம்பி. நான் சொன்னது பிழை. வெள்ளிக்கிழமை போய்க் கேட்டனான். அப்பவே தவணை முடிஞ்சு போச்சு.”

பேனாட் கையை எடுத்தான். பொலிஸ்காரர் காட்டிய பையில் இரண்டு சட்டையை மடித்து வைத்தான். சாரத்தை மடித்தான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை.

“வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கலாமே அண்ணை,” என்றான். “பாரிஸிலை மச்சான் இருக்கிறான். நான் ரயில் ஏறியிருப்பன்.”