அத்தான் கையில் கொடுக்காதீர்கள்

துப்பாக்கி முனையில் மாட்டுகிற கத்தியான பயனெட்டை உறையிலிருந்து உருவியதும் அத்தான் முதல் வேலையாக முகர்ந்து பார்ப்பார். விற்க வந்தவர் திடுக்கிட்டு என்னைப் பார்ப்பார். நான் தெருவைப் பார்ப்பேன். பழசாகக் காட்ட அமிலம் ஊற்றித் துருவேற்றிய இரும்புக்குத் தனி வாடை உண்டாம். பிறகு மேசையடியிலிருந்து ஒரு சாண் துப்பாக்கிக் குழாயை எடுத்து, பயனெட்டின் வளையத்தை அதில் மாட்டிப் பார்ப்பார். மாட்டவில்லையென்றால் தீர்ந்தது கதை. "துப்பாக்கியில மாட்டாத பயனெட்டை வெச்சு என்னங்க பண்றது? ரொட்டி வெட்டலாம்."

என் அக்காவின் கணவர். நாங்கள் இருவரும் சேர்ந்து பழம்பொருள் கடை நடத்துகிறோம். நடத்துகிறோம் என்பது ஒரு மரியாதைக்கு. எங்கள் கடைச் சரக்கையே, "இது வேணாம், போன வருஷம் செஞ்சது" என்று சொல்லி வாடிக்கையாளரை அனுப்பிவைக்கிற மனுஷனோடு என்னத்தை நடத்துவது?

பல் டாக்டர் வீட்டில் விருந்துக்கு அழைத்தார்கள். சாப்பாடு வருவதற்குள் அத்தான் சுவரிலிருந்த பயனெட்டைக் கழற்றிவிட்டார். "முத்திரையைப் பாருங்க டாக்டர். துரு அரிச்ச குழி மேல அடிச்சிருக்கான். நெஜமாவே பழசுன்னா எழுத்தையும் துரு தின்னிருக்கணும்ல?" மேசைக்கடியில் அக்கா காலை மிதித்தாள். "எதுக்கு மிதிக்கிற?" என்று சத்தமாகக் கேட்டார். அன்றிலிருந்து பல்வலி வந்தால் நான் பக்கத்து ஊருக்குப் போகிறேன்.

இப்படிப்பட்டவரிடம்தான் போன வாரம் அப்பா தன் பயனெட்டை நீட்டினார். போரில் கூட இருந்த சிநேகிதர் சாகும்போது கொடுத்தது. அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கும்; அதன் கதையைக் கேட்காமல் எங்கள் வீட்டிலிருந்து யாரும் எழுந்து போனதில்லை. அக்காவின் கண்டிப்பால் அத்தான் மட்டும் இதுவரை அதைத் தொட்டதில்லை. அன்று மியூசியத்திலிருந்து ஒருவர் கண்காட்சிக்குக் கேட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொன்னா போதுமாம்" என்றார் அப்பா, பெருமை தாங்காமல்.

அத்தான் முகர்ந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். முத்திரையைக் கட்டைவிரலால் தடவினார். அவரோடு குப்பை கொட்டியதில் எனக்கே தெரிந்துவிட்டது: துருக்குழிகளின் மேல் எழுத்து பளிச்சென்று நின்றது. அந்த ஒரு வார்த்தையில் அப்பா ஒடிந்துபோவார். பாவி மனுஷா, இன்றைக்காவது வாயை மூடு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"இதைக் குடுக்க முடியாது மாமா."

"ஏன்?"

"உங்களுக்கப்புறம் எனக்குன்னு நெனச்சுட்டு இருக்கேன். வெளிய போனா திரும்பி வராது."

மியூசியக்காரர் குறுக்கிட்டார். "அசல்தானான்னு மட்டும் சொல்லிடுங்களேன்."

"எனக்கு வேணும்னு சொல்றேன். அப்புறம் என்ன சார் கேள்வி?"

இத்தனை வருஷமாக அத்தானை மதித்த மியூசியக்காரர், அற்பனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு எழுந்தார். "நான் உசிரோட இருக்கும்போதே பங்கு கேக்குறாரு பாருங்க" என்று அப்பா அவரிடம் குறைபட்டுக்கொண்டே வாசல்வரை போனார். குரலில் குறையே இல்லை.

அவர்கள் போனதும் அத்தான் ஏணியை இழுத்துப் போட்டு ஏறினார். கூரையை ஒட்டி ஒரு புது ஆணி அடித்து, எவர் கைக்கும் எட்டாத உயரத்தில் பயனெட்டை மாட்டினார்.