மருதாத்தாள் தோப்பு வெள்ளெலி

பூபதிராஜாவுக்கு வாய் நீளம். முதலமடையில் மாங்காய் லாரி ஓட்டுகிறவர்களில் அவரைப் பேசி ஜெயித்தவர் கிடையாது. ஆனால் லாரியைப் பற்றியோ மாங்காயைப் பற்றியோ பேசமாட்டார், பேச்செல்லாம் வெள்ளெலிதான். கடலைக்காய் பிடுங்கின காட்டில் எலி வங்குக்குள் புகைமூட்டம் போட்டு, மறுவாசலில் வலை விரித்துப் பிடித்து, மஞ்சளும் மிளகாயும் தடவிச் சுட்டால்... சொல்லும்போதே மனுஷனுக்கு எச்சில் ஊறிவிடும்.

அந்த வாய்தான் இந்தத் தை மாதம் அவரை வசமாக மாட்டிவிட்டது. மனைவி கற்பகத்தின் அண்ணன் குருசாமி மாட்டுப்பட்டிப் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிறார். "வாங்க மச்சான், நம்மூரு வேட்டையப் பாருங்க" என்று இவர் போனில் அளந்ததை நம்பி, லீவு போட்டு பஸ் ஏறி வந்தேவிட்டார். மச்சான் வந்தாச்சு. வேட்டைக்குத்தான் காடு இல்லை!

காட்டுக்காரர் ஒருத்தரும் உள்ளே விடவில்லை. போன வருஷம் எவனோ ஒரு கூட்டம் எலி தோண்டுகிறேன் என்று வந்து, சொட்டுநீர்க் குழாயை வெட்டி, குழியையும் மூடாமல் போய்விட்டது. ஒரு பசுமாடு அதில் காலை விட்டு நொண்டியானது. அதிலிருந்து மண் தோண்டுகிற மம்முட்டியோடு யாரைப் பார்த்தாலும் கேட்டைச் சாத்துகிறார்கள். நஞ்சப்பன் என்ற காட்டுக்காரர் மட்டும் மரியாதையாகச் சொன்னார்: "எலி நெறைய இருக்குதுங்க. நீங்க வர வேண்டாமுங்க."

பூபதிராஜா இந்த வயது வரைக்கும் ஒரு குழியை மூடாமல் வந்தவர் இல்லை. எவனோ செய்ததற்கு இவர் தலையில் பழி. அநியாயம்தானே?

"என்ன மாப்ள, எலியெல்லாம் லீவுல போயிருச்சாக்கும்?" என்று குருசாமி சாப்பாட்டில் கேட்டார். இனி எஸ்டேட்டில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இதே கேலிதான். மானம் போய்விடும்.

மறுநாள் காலை அவருக்கு ஒரு தோப்பு ஞாபகம் வந்தது. அங்கேதான் அவர் லாரி ஏற்றுவது. இளமரங்கள், நடுவில் கடலைக்காய் பிடுங்கின மண், வரப்பு பூராவும் வங்கு. அங்கே கட்டிலில் படுத்திருந்த மாங்காய்க் குத்தகைக்காரர் ஜோஜோவிடம் கேட்டார்.

"அதினெந்தா சேட்டா, தோண்டிக்கோ. மாங்காயைத் தொடாதிருந்தா மதி."

அப்புறம் என்ன! மூட்டம் புகைந்தது, வலை துள்ளியது, குருசாமி சின்னப்பிள்ளை மாதிரி "விடாதீக மாப்ள, விடாதீக!" என்று வரப்பு வரப்பாக ஓடினார். கோணிப்பை நிறைந்துகொண்டு வந்தபோது பின்னால் ஒரு குரல்.

"யாருங்க அது, என்ற காட்டுல மம்முட்டி போடறது?"

மருதாத்தாள். நிலத்துக்காரி.

"ஜோஜோகிட்ட கேட்டமுங்க..."

"அவரு புடிச்சிருக்கறது காயை. மண்ணு என்றதுங்க!"

மரத்துக் காய் இந்த சீசனுக்குக் குத்தகைக்காரருக்கு, மண் எப்போதும் சொந்தக்காரருக்கு. முதலமடையில் இது தெரியாதவர் உண்டா? பூபதிராஜாவுக்கும் தெரியும். ஆனால் லாரி ஏற்ற எப்போதும் ஜோஜோவிடமே கேட்டுக் கேட்டு, எலிக்கும் அவரிடமே கேட்டுத் தொலைத்துவிட்டார்.

"நொண்டுச்சே ஒரு மாடு, அது ஆரோடதுன்னு நெனச்சீங்க? என்றதுதான்!"

பூபதிராஜா வலையைச் சுருட்டிக் கீழே வைத்தார். "தப்புத்தானுங்க்கா. குழிய மூடிட்டுப் போயிடறமுங்க," என்று மட்டும் சொன்னார். குருசாமியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு மண் தள்ளினார். எல்லாவற்றையும் மூடி மிதித்த பிறகு, பூபதிராஜா கிணற்றோரம் கிடந்த ஒரு பழைய குழியையும் மூடப் போனார்.

"அது நீங்க தோண்டுனது இல்லீங்களே?" என்றாள் மருதாத்தாள்.

"ஆரு தோண்டுனதுன்னு மாட்டுக்குத் தெரியுங்களா?"

அந்தக் குழியை அவர் மிதித்து முடிக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கோணிப்பையைப் பார்த்தாள்.

"உங்க காட்டு எலிதானுங்க்கா. இங்கயே வெச்சுட்டுப் போறமுங்க."

மருதாத்தாள் ரோட்டுப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "நல்லாச் சுடத் தெரியுங்களா?"

"ஏனுங்க்கா?"

"ஊட்டுல எலின்னு பேச்செடுத்தாலே என்ற மகன் குதிப்பான். இங்கயே சுடுங்க. உப்பு மொளகா நான் கொண்டாறேன்."

குருசாமி இத்தனை நேரம் அடக்கிய சிரிப்பெல்லாம் பீறிட்டுக்கொண்டு வந்தது. மாமரத்தடியில் தீ மூட்டினார்கள். வாசம் பிடித்து ஜோஜோவும் கட்டிலை விட்டு எழுந்து வந்து உட்கார்ந்துகொண்டார். மருதாத்தாள் தின்ற அழகைப் பார்த்து பூபதிராஜாவுக்கே பொறாமையாக இருந்தது. குருசாமி காரத்தில் உஸ்ஸென்று ஊதிக்கொண்டே, "மாப்ள, நீங்க போன்ல கொஞ்சமாத்தான் சொல்லியிருக்கீக!" என்றார்.

மருதாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மேக்கால காட்டுலயும் வங்கு கெடக்குதுங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை வாங்க. ஜோஜோகிட்டக் கேக்காதீங்க, எங்கிட்டக் கேளுங்க."

பூபதிராஜா தலையை மட்டும் ஆட்டினார். வாய் நிறையக் கறி.