ஆசான் கட்டிய கை

போலீஸ்காரர்கள்தான் தம்பியின் கையை ஒடித்தார்கள் என்பதை நிரூபிக்க முடியாமல் போனதற்கு நானே காரணம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தெருமுக்கில் ஆட்டோக்காரர்களுக்குள் நடந்த தகராறில் இவனையும் சேர்த்துப் பிடித்தார்கள். ஜீப்பில் ஏறத் தயங்கினான் என்று வலது தோளுக்குக் கீழே லத்தியால் இரண்டு அடி. மறுநாள் காலையில் ஜாமீனில் விட்டபோது, குடித்துவிட்டு விழுந்தான் என்று எழுதி வைத்திருந்தார்கள். குடி என்றால் என்னவென்று தெரியாத பயல். அவன் மேல் வழக்கு இருந்தால், கிடைத்திருந்த குவைத் வேலை போய்விடும். அடித்தது உண்மை என்று விசாரணையில் தெளிந்தால்தான் வழக்கு உடையும்.

ஆனால் நான் செய்ததென்ன? ஸ்டேஷன் வாசலிலிருந்து நேராக இரணியல் பக்கம் எலும்பு வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் கொண்டுபோனேன். எங்கள் குடும்பத்தில் எலும்பு முறிந்தால் ஆசான்தான். ஆஸ்பத்திரி நினைப்பே வராது. அவர் தொட்டுப் பார்த்து, "எலும்பு விண்டிருக்கு பிள்ளே. பயப்படாண்டாம், சேர்ந்துரும்" என்றார். முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். மூன்று முறை கட்டு மாற்றியதில் வீக்கமும் கன்றலும் போய்விட்டன. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் வேறு சொன்னேன்.

போலீஸ்காரர்கள் மேல் நான் கொடுத்த புகார் விசாரணைக்கு வர இரண்டு மாதம் ஆனது. விசாரித்த டி.எஸ்.பி. வெளியூர்க்காரர், தன்மையாகத்தான் பேசினார்.

"ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கம்மா?"

"ஆசான்கிட்ட கட்டினோம் சார்."

"அவரு எதுவும் எழுதித் தந்தாரா?"

"அவரு எழுத மாட்டாரு சார். கட்டத்தான் செய்வாரு."

"இப்போ எக்ஸ்ரே எடுத்தா ஒடிஞ்சு சேர்ந்திருக்குன்னு வரும். யாரு ஒடிச்சான்னு வராதேம்மா."

அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். "சார், அவனுக்கு இன்னும் கைய தோளுக்கு மேல கொண்டுபோக ஒக்காது. சட்டைகூட நான்தான் மாட்டிவிடுதேன். நீங்களே பாருங்க."

அவர் தம்பி பக்கம் திரும்பினார். "எங்கே தம்பி, கையைத் தூக்கு."

காக்கிச் சட்டை சொன்ன மாத்திரத்தில் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டான். கடித்த உதட்டில் ரத்தம் கசிந்தது.

"ஏலே, கீழ போடு" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. கை அசைவில் குறையேதும் இல்லை என்று அதிகாரி எழுதி முடிக்கும்வரை அப்படியே நின்றான்.