கடைசிப் பாட்டில் கேட்கும் அலறல்

கண்ணுங்களா, உங்கள் சித்தப்பாவின் ராக் பேண்ட் போட்ட முதல் ஆல்பத்தில் கடைசிப் பாட்டு பாதியிலேயே அறுந்து நின்றுவிடும். அதற்குச் சற்று முன் ஒருவன், "டேய், ஒதுங்குடா!" என்று அலறுவான். "யாரு நைனா அந்தக் காமெடி பீஸு?" என்று கேட்டுச் சிரிக்கிறீர்கள். அது நான்தான். நடிப்பு இல்லை. அந்தப் பாட்டு வந்தால் நான் எழுந்து வெளியே போவது இதனால்தான்.

சினிமாப் பாட்டிலும் சேராத, பஜனையிலும் சேராத ஒரு இரைச்சல் சங்கீதம் அவர்களுடையது. அந்தப் பாட்டுக்குத் தறிச்சத்தமே தாளமாக வேண்டும் என்று மைக்கும் கிதாருமாகச் சென்னையிலிருந்து திருத்தணிக்கு வந்து இறங்கினார்கள். "மேளம் பத்தலைனு தறியையும் கச்சேரிக்கு இட்டுகினு போறானா உன் தம்பி?" என்று உங்கள் அம்மா கேலி செய்தாள். நான் நம் தறிக்கூடத்தில் எல்லா விசைத்தறிகளையும் ஓட விட்டேன்.

தறிக்கூடத்தில் நமக்குக் கண் ஒரு தறியில், காது எல்லாத் தறியிலும். ஊடு நூலைச் சுமந்து பாயும் நாடா, இரும்பு முனை வைத்த மரக்கட்டை. அது வெளியே பறக்கப்போகிறது என்றால் முதலில் சத்தம்தான் பிசகும். உடனே விலகிவிட வேண்டும். சித்தப்பாவும் அந்தக் கூடத்திலேயே வளர்ந்தவன்தான். ஆனால் அன்று இரண்டு காதையும் ஹெட்போனால் மூடிக்கொண்டு, நாடா பாயும் திசைக்கு நேராக, சுவரோரம் நின்றான். "தள்ளி நில்லுடா" என்றேன். "ஒண்ணும் ஆவாதுண்ணா" என்றான்.

பாட்டு உச்சத்துக்கு ஏறும்போது ஓரத் தறியின் சத்தம் பிசகியது. அவனோ கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறான். கத்தினேன். கேட்கவில்லை. மெயின் சுவிட்சுக்கு ஓடினேன். கை எட்டுவதற்குள் நாடா பறந்துவிட்டது. அந்த நொடியில், குரலை இழுத்துப் பாடுவதற்காக அவன் இடுப்பை வளைத்துக் குனிந்திருந்தான்.

சுவிட்சை அணைத்தேன். தறிகள் நின்றன. ஹெட்போனைக் கழற்றி, "ஏண்ணா நிறுத்தின? சூப்பரா வந்துகினு இருந்துச்சே!" என்று என்மேல் பாய்ந்தான். அவன் பின்னால் கையைக் காட்டினேன். சுவர்க் காரையில் நாடா குத்தி நின்றது. பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு, "அண்ணன் கத்தினதை மட்டும் வெட்டிடாதீங்கடா" என்றான் கூட்டாளிகளிடம்.

அவர்கள் சாப்பிடப் போன பிறகு நாடாவைப் பிடுங்கினேன். அவன் நின்ற இடத்தில் முதுகைச் சுவரில் சாய்த்து நின்று பார்த்தேன். குழி என் காதுக்கு நேராக இருந்தது. அவன் என்னைவிட உயரம். அவனுக்கு அது தொண்டை. உங்கள் அம்மா வந்து பார்ப்பதற்குள் சுண்ணாம்பைக் குழைத்து, விரலாலேயே அந்தக் குழியை அடைத்தேன்.