அக்காவின் ஆறு மணிச் செய்தி

எங்கள் அக்கா பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. சாமை அறுப்புக்கு முந்தைய வாரம், ஒரு சந்தை நாள் என்று மட்டும் அம்மா சொல்வார். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் தாமாகவே ஒரு ஜூன் மாதத் தேதியை எழுதிக்கொண்டார். எதையும் நாள், கிழமை, நேரத்தோடு குறித்துவைக்கும் பழக்கமுள்ள எனக்கு இது நெடுநாள் உறுத்தல். அக்காவுக்கோ வேடிக்கை. ஒவ்வொரு ஜூன் மாதமும் அவருடைய செல்போனுக்குக் கம்பெனியிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து வரும். "பெத்தவளுக்கே தெரியாத நாளு இவனுக்கு எப்டிடா தெரிஞ்சுது? கெட்டிக்காரனுங்க" என்பார்.

அவர் மறைந்த நேரம் எனக்குத் தெரியும். கார்த்திகை மாதம், வியாழக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். அதற்கு ஓராண்டு நிறையும் இந்த நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் அக்காவின் வாழ்க்கையை எழுதிச் சொல்லும் பொறுப்பை அவருடைய மகள் என்னிடம் கொடுத்தாள். அக்காவின் நல்ல குணங்களை எழுதுவது எளிது. கூடவே என் தவறு ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் அக்கா மூத்தவராகப் பிறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து நான். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் சாமைக் கொல்லையும் ஏழு புளிய மரங்களும் இருந்தன. அக்கா எட்டாம் வகுப்பு முடித்த கோடையில் அப்பா புளிய மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்தார். மறு ஜூனில் பள்ளி விடுதிக்குப் போனது நான் மட்டும். அக்கா கொல்லைக்குப் போனார். அக்கா ஏன் வரவில்லை என்று வாத்தியார் வீட்டுக்கு வந்து கேட்டபோது, "இவன் வூட்டுல இருந்தா ஒரு வேலைக்கும் ஆவமாட்டான் சார், இவனக் கூட்டிட்டுப் போங்க" என்று என்னைக் காட்டினாராம். அந்தக் கேலியில்தான் நான் படித்தேன். போளூரில் அரசு அலுவலகத்தில் எழுத்தரானேன்.

மாமாவை மணந்து, ஒரு மகளைப் பெற்று, பிறகு எங்கள் ஊர் நியாய விலைக் கடையில் விற்பனையாளராக அக்கா வேலைக்குச் சேர்ந்தார். மாமா காசநோயில் போனபோது மகள் பத்தாம் வகுப்பு. அந்தப் பெண்ணை நர்சிங் படிக்க வைத்து ஆலங்காயத்தில் கட்டிக்கொடுத்தது அக்காவின் தனி உழைப்பு.

கடைக்குக் கைரேகை இயந்திரம் வந்த காலத்தை ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடையில் சிக்னல் இல்லை. ஊருக்கு மேற்கேயுள்ள பாறையின் உச்சியில்தான் இரண்டு கோடு தெரியும். அக்கா இயந்திரத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு முன்னால் ஏற, குடும்ப அட்டைகளோடு வரிசை அப்படியே பின்னால் ஏறும். மேலே விரல் வைத்துவிட்டுக் கீழே வந்து அரிசி வாங்குவார்கள். புளி அடித்தும் களை பிடுங்கியும் தேய்ந்துபோன விரல்களை அந்த இயந்திரம் ஏற்காது. ஒரு பெரியவர் பத்து விரல்களையும் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டார். "மாமா, நீங்க ஆளே இல்லேன்னு சொல்லுது இது. போய்ட்டு அத்தைகிட்ட சொல்லுங்க, சந்தோசப்படும்" என்றார் அக்கா. பாறையே சிரித்தது. அவருக்கு அரிசி கிடைக்கும்வரை நான்கு மனுக்களை எழுதிப் போளூருக்கு அலைந்ததும் அக்காதான்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் என் மனைவி இறந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காரியங்கள் முடிந்து எல்லோரும் கிளம்பிய மறுநாள், மாலை ஆறு மணிக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, பேப்பர்ல இன்னா செய்தி? இங்க நாளைக்குத்தான் வருது. படிச்சுக் காட்டு."

"இப்ப எதுக்குக்கா?"

"ஒலகம் நிக்குதா ஓடுதான்னு தெரிய வேணாமா? படிடா."

அன்று தொடங்கியது. மழையில் சிக்னல் அறுந்த நாட்கள் தவிர ஒருநாளும் தவறியதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், என்னிடம் பேசுவதற்காக மட்டும் அக்கா அந்தப் பாறையில் ஏறினார். தொழில்நுட்பச் செய்திகள் என்றால் அவருக்கு உயிர். நான் படிப்பேன், அவர் தீர்ப்புச் சொல்வார். நோட்டில் தேதி போட்டு, இடப்பக்கம் செய்தி, வலப்பக்கம் அக்காவின் சொல் என்று எழுதிவைத்தேன். அப்படி ஏழு நோட்டுகள் சேர்ந்தன.

ஓட்டுநர் இல்லாமல் ஓடும் கார் பற்றிப் படித்த அன்று: "நம்ம பஸ்ஸுல டிரைவரு, கண்டக்டரு, எறங்கி கல்லு வெக்க நாலு பேரு இருந்தே வளைவுல மூணு தடவ பின்னாடி எடுக்கறாங்க. அந்தக் காரு யாரைடா எறங்கச் சொல்லும்?"

மனிதர் செய்யும் வேலை எல்லாவற்றையும் இனிச் செயற்கை நுண்ணறிவே செய்துவிடும் என்று ஒரு நிபுணர் சொல்லியிருந்தார். "புளி உலுக்குமான்னு கேளு. உலுக்கும்னா ரெண்டு அனுப்பச் சொல்லு. கூலிக்கு ஆளு கெடைக்கல."

கட்டுரை, கவிதை எல்லாம் அது எழுதுகிறது என்று நான் வருத்தப்பட்டபோது: "எழுதட்டுமே. நீ நாப்பது வருசமா ஆபீஸ்ல எழுதுனத யாராச்சும் படிச்சாங்களா?"

நிலவில் நம் நாட்டுக் கலம் இறங்கிய நாளில் மட்டும் கேலி செய்யவில்லை. பாறை மீதிருந்து கைதட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகுதான், "அங்கேர்ந்து படம் வருது பாரு. அந்த டவரக் கொஞ்சம் நம்மூரு பக்கம் திருப்பச் சொல்லு" என்றார்.

இவற்றைப் படித்து நீங்கள் சிரித்திருந்தால் அக்காவுக்கு மகிழ்ச்சி. நானும் சிரித்தேன். நான் சொல்ல வந்த தவறு அதில்தான் இருக்கிறது.

சென்ற ஆண்டு ஐப்பசிக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனில் அக்காவால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. "மூச்சு வாங்குதுடா" என்றார். "சளியா இருக்கும், கஷாயம் குடி" என்றேன். பதினாறாம் நாள் பக்கத்து வீட்டு ஜீப்பில் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். நான் போளூரில் ஏறிக்கொள்ள, ஆலங்காயத்திலிருந்து அக்காவின் மகளும் வந்து சேர, வேலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். இதயம் வீங்கி, நுரையீரலில் நீர் கோத்திருந்தது.

இளம் வயது மருத்துவர், பொறுமையானவர். "எவ்ளோ நாளா மூச்சு வாங்குது?" என்று கேட்டார்.

மகள் யோசித்தாள். நான் யோசிக்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தேதியோடு தெரியுமே. "பதினாறு நாளாங்க. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறேகாலிலிருந்து" என்றேன்.

அவர் ஸ்கேன் படத்தை மறுபடியும் பார்த்தார். "இது பதினாறு நாள் நோயில்லீங்க ஐயா. ஒரு வருசமாவது இருக்கும். நடக்கறப்ப, படுக்கறப்ப மூச்சு முட்டுது, காலு வீங்குதுன்னு எதாவது சொல்லியிருப்பாங்க. நல்லா நெனச்சுப் பாருங்க."

மறுநாள் போளூருக்குப் போய்க் கடைசி இரண்டு நோட்டுகளை எடுத்து வந்தேன். வேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தேன்.

அதற்கு முந்தைய ஆண்டு ஐப்பசியில், வலப்பக்கத்தில், என் கையெழுத்தில்: "இந்தப் பாறை வளருதுடா. போன வருசம் இத்தன ஒசரம் இல்ல." அதற்குக் கீழே நான் சொன்னதையும் எழுதியிருந்தேன். பாறை வளராது அக்கா, மழையிலும் வெயிலிலும் தேயத்தான் செய்யும் என்று நிலவியல் பற்றி ஐந்து நிமிடம் விளக்கியிருக்கிறேன். "சரி, அப்ப தேயறது நான்தான்" என்றிருக்கிறார். "இருவரும் சிரித்தோம்" என்று முடித்திருந்தேன்.

தை மாதம்: "பாதி வழியில ஒரு ஸ்டாப்பிங் வெச்சிட்டேன். பஸ்ஸு நிக்கறாப்ல நின்னுதான் வர்றேன்."

பங்குனியில், பணக்காரர்கள் விண்வெளிக்குச் சுற்றுலா போய் எடையில்லாமல் மிதக்கும் செய்தி. "எனக்கு அது ஒத்து வராது. நான் ரெண்டு தலகாணி வெச்சு, ஒக்காந்த மேனிக்குத் தூங்கற ஆளு."

வைகாசியில் செருப்பைப் பற்றி: "வாங்குனப்ப சரியா இருந்துது. சாயங்காலம் ஆனா சின்னதாப் போவுது. இதுலயும் எதோ சிப்பு வெச்சிருக்கான்."

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை. கையில் கட்டும் கடிகாரமே இதயத் துடிப்பைக் கவனித்து, கோளாறு வந்தால் முன்கூட்டியே எச்சரிக்கும் என்ற செய்தியை நானே தேடிப் படித்துக் காட்டியிருக்கிறேன். எதிரே அக்காவின் சொல்: "கடியாரம் எதுக்குடா? எனக்குத்தான் தெனம் ஆறு மணிக்குக் கேக்கறதுக்கு ஒரு தம்பி இருக்கானே." அதற்குப் பக்கத்தில், நல்ல வாக்கியம் என்று தோன்றினால் நான் போடும் நட்சத்திரக் குறி இருந்தது.

பதின்மூன்று மாதங்கள். ஒவ்வொன்றையும் தேதியோடு எழுதியிருக்கிறேன். ஒன்றையாவது காதில் வாங்கவில்லை. மருத்துவரிடம் நோட்டைக் காட்டி, முன்னாலேயே கூட்டி வந்திருந்தால் என்று கேட்டேன். அவர் எனக்காகப் பொய் சொல்லவில்லை. "மருந்துலயே இன்னும் சில வருசம் போயிருக்கலாம்" என்றார்.

அன்று மாலை பார்வையாளர் நேரத்தில் அக்காவிடம் போனேன். கட்டிலைச் சுற்றி மூன்று திரைகளில் பச்சைக் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. முகக்கவசத்தை விலக்கிவிட்டு, "இத்தன டிவி வெச்சிருக்கான், ஒண்ணுலயும் செய்தி வரல" என்றார். நான் சிரிக்கவில்லை.

"அக்கா, ஏன் என்கிட்ட நேரா சொல்லல?"

"எத?"

"ஏற முடியலன்னு. மூச்சு வாங்குதுன்னு."

என்னையே பார்த்தார். "சொன்னேனேடா" என்றார். "நீதான் எழுதிக்கினியே."

பிறகு அவரே, "தேதி போட்டியா?" என்றார்.

"போட்டேன்கா."

"அப்ப சரி" என்று கவசத்தை மாட்டிக்கொண்டார். அதில் கோபம் இருந்ததா என்று இந்த ஓராண்டாக யோசிக்கிறேன். இருந்ததாகச் சொல்ல முடியவில்லை. இல்லையென்று சொல்லவும் எனக்கு உரிமையில்லை. அதன் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. சேர்த்த ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அக்காவின் மகளிடம் நோட்டைக் கொடுத்தேன். நீ நர்ஸ், உனக்குத் தெரிய வேண்டியதை நான் மறைத்துவிட்டேன், என்னைத் திட்டு என்றேன். அவள் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனாள். ஐப்பசிப் பக்கத்தில் விரலை வைத்து நின்றாள்.

"இத என்கிட்டயும் சொல்லிச்சு மாமா. பாறை வளருதுன்னு. எங்கம்மா காமெடியப் பாருங்கன்னு நான் ஸ்டேட்டஸ்ல போட்டேன். என்கூட வேலை செய்யற நர்சுங்க எல்லாரும் சிரிச்சாங்க." நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அழுகை அடங்கிய பிறகு அவள் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "பேப்பரு இங்க மத்தியான பஸ்லயே வந்துடும் மாமா. அம்மா ரெண்டு மணிக்கெல்லாம் படிச்சு முடிச்சுடும். அத்த போனதுக்கப்புறம் நீங்க யார்கிட்டயும் பேசறதில்லன்னு அதுக்குக் கவல. 'சும்மா கூப்ட்டா நாலு வார்த்தையில வெச்சுடுவான், படிச்சுக் காட்டச் சொன்னாதான் பேசுவான்'னு சொல்லும்."

படிக்க ஆளில்லாத அக்காவுக்கு நான் துணை என்று ஐந்து ஆண்டுகள் நினைத்திருந்தேன். எனக்குத் துணையாக இருக்கத்தான் அவர் அந்த இதயத்தோடு பாறையில் ஏறினார். ஏறிய களைப்பையும் எனக்குச் சிரிப்பாக மாற்றிக் கொடுத்தார்.

எங்கள் துயரத்தில் பங்கெடுத்தவர்களை நினைக்காமல் இதை முடிக்க முடியாது. இரண்டு மணி நேரம் ஜீப்பை அலுங்காமல் ஓட்டி வந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், வேலூரில் இரவு பகல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், உண்மையைச் சொன்ன அந்த மருத்துவருக்கும் நன்றி. அக்காவைத் தோளில் சுமந்தவர்களுக்கும், அன்று சந்தை நாளாயிருந்தும் கடை போடாமல் வந்து நின்றவர்களுக்கும், காரியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஒரு படி சாமை கொண்டுவந்து கொட்டிய ஊர்ப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. போளூரிலிருந்தும் படவேட்டிலிருந்தும் பஸ் மாறி வந்த உறவினர் அனைவரையும் வணங்குகிறோம்.

மாசியில் ஊருக்கு டவர் வந்துவிட்டது. பாறைக்கு இப்போது யாரும் ஏறுவதில்லை.

மாலை ஆறு மணிக்கு ஆலங்காயத்திலிருந்து அக்காவின் மகள் என்னை அழைக்கிறாள். நாங்கள் செய்தி பேசுவதில்லை. "மாடி ஏறுனீங்களா மாமா? எங்கியாச்சும் நின்னீங்களா? ராத்திரி எத்தன தலகாணி?" என்று கேட்கிறாள். எட்டாவது படியில் நின்றேன் என்றால் எட்டாவது படி என்றே சொல்கிறேன். பிறகு நான் அவளைக் கேட்கிறேன், அவளும் உள்ளபடி சொல்கிறாள். அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் சொல்ல எதுவும் இருப்பதில்லை. போனை வைக்க மனமில்லாமல், கொஞ்ச நேரம் பேசாமல் அப்படியே இருக்கிறோம்.