மேசை கீழே இறங்கிய நாள்

எனக்குப் பரிசாகக் கிடைத்த தையல் மெஷின் காலால் மிதித்து ஓட்டுவது. எனக்கோ மூன்று வயதிலிருந்து இரண்டு காலும் வேலை செய்வதில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில், குத்துவிளக்கெல்லாம் ஏற்றி, மாலை போட்டு, அதை எனக்குத் தந்தார்கள்.

அதற்கு முந்திய கதையைச் சொல்ல வேண்டும். ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர் வேலைக்கு எழுத்துப் பரீட்சையில் தேறியிருந்தேன். நேர்முகப் பரீட்சை மேல் மாடியில். லிஃப்ட் இல்லை. இரண்டு பியோன்மார் என்னைச் சக்கர நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள். பிரதான அதிகாரி என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் அம்மாவிடம் கேட்டார். "மகள் தனியாச் சாப்பிடுவாவா?" என்றார். நான் பூச்சாடி மாதிரி முன்னால் இருக்கிறேன்! கடைசியில், "ஒவ்வொரு நாளும் இப்படித் தூக்க ஏலாதே அம்மா. பிரிவு மேலதான் இருக்கு. பாவம், பிள்ளை கஷ்டப்படக் கூடாது. நான் சுயதொழிலுக்குச் சிபாரிசு செய்யிறன்" என்றார். அந்தச் சிபாரிசுதான் மெஷினாக வந்து நின்றது.

பாவம் என்ற சொல் எனக்கு ஆகவே ஆகாது. கொட்டாஞ்சேனையில் எங்கள் வாசலைத் தாண்டினால் தமிழில் "பாவம்", சிங்களத்தில் "அனே பவ்". இரண்டு மொழியிலும் வாங்கி வளர்ந்தவள் நான். எங்களுக்கென்று வைத்த தொழிற்பயிற்சியும் அந்தப் பாவத்தில் பிறந்ததுதான். பிரம்புக் கதிரை பின்னு, வீடு கூட்டுகிற தும்புத்தடி கட்டு, தையல் பழகு. அங்கவீனர் என்றார்கள், வலது குறைந்தோர் என்றார்கள், இப்போது மாற்றுத்திறனாளி என்கிறார்கள். பெயர் மாற மாற, தொழில் மட்டும் அப்படியே இருந்தது. நான் படித்ததோ கணக்கியல்.

மண்டபத்தில் நன்றி சொல்லச் சொல்லி மைக்கை நீட்டினார்கள்.

"மெஷின் நல்ல வடிவா இருக்கு சேர். மிதிக்கிறதுக்கு ரெண்டு காலும் சேர்த்துத் தருவீங்களோ?"

சனம் சிரித்தது. மேடை சிரிக்கவில்லை. அம்மா என் தோளில் கிள்ளினார். ஓட்டோவில் திரும்பும்போது, "உனக்கு இந்த வாய் ஒண்டு போதும்" என்று ஏசத் தொடங்கியவர், பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் அழுதுவிட்டார். "எனக்குப் பிறகு உன்னை ஆர் பார்க்கிறது? அந்த வேலை கிடைச்சிருந்தா நான் நிம்மதியாக் கண்ணை மூடுவன்" என்றார். எனக்கும் அதே பயம்தான். சொந்தச் சம்பளம் இல்லாமல் யார் வீட்டு மூலையில் போய் இருப்பேன்?

அடுத்த நாள் சட்டத்தைத் தேடிப் படித்தேன். அங்கவீனத்தை மட்டும் காரணம் காட்டி வேலை மறுக்கக் கூடாது, பொதுக் கட்டடத்துக்குள் போகவிடாமல் தடுக்கக் கூடாது என்று நம் நாட்டில் எப்போதோ எழுதியாயிற்று. என்னிடம்தான் ஒருவரும் சொல்லவில்லை. கையோடு முறைப்பாடு எழுதிப் போட்டேன்.

அதே கந்தோரில் விசாரணை என்று கூப்பிட்டார்கள். போனால், விசாரணை அறையும் மேல் மாடியில்! எனக்கு உச்சியில் ஏறியது கோபம். தூக்க வந்தவர்களிடம், "ஒருத்தரும் என்னைத் தொடக் கூடாது. நான் இங்கதான் இருப்பன்" என்று சொல்லிப் படிக்கட்டின் அடியிலேயே பிரேக்கைப் போட்டுவிட்டேன். விசாரிக்க வந்த அம்மணி மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சரி, நாங்க கீழ வாறம்" என்றார்.

செக்கியூரிட்டிக்காரரின் மேசையை நடுவில் இழுத்துப் போட்டார்கள். கதிரைகள் இறங்கின. கோப்புகள் இறங்கின. கடைசியாக, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிரதான அதிகாரியும் இறங்கினார்.

"பிரிவைக் கீழ கொண்டுவரவே ஏலாது மேடம்" என்று அவர் தொடங்கினார். "மேசை, கதிரை, ஃபைல் எல்லாம் இறக்கிறதெண்டா நடக்கிற காரியமே?"

நான் கையை உயர்த்தினேன். "சேர், இப்ப நாங்க எல்லாரும் எங்க இருந்து கதைக்கிறம்?"

அதிகாரி மேசையைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார், தான் அணைத்துப் பிடித்திருந்த கோப்புகளைப் பார்த்தார். செக்கியூரிட்டிக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு அம்மணி. "இதெல்லாம் இறக்கிறதுக்குக் கன நேரம் எடுத்ததோ?" என்று அவர் அதிகாரியிடம் கேட்டார்.

வேலை கிடைத்தது. உடைந்த கதிரைகள் குவிந்து கிடந்த கீழ் அறையைத் துப்புரவாக்கி எனக்கு மேசை போட்டார்கள். வாசலில் சாய்தளம் கட்டினார்கள். முதல் நாள் சேலைக்கு பிளவுஸ் தைத்தது அம்மா, அதே மெஷினில். அவருக்குக் கால் நல்லாகத்தானே இருக்கிறது. அன்று காலை என் கையாலேயே சக்கரத்தை உருட்டிச் சாய்தளத்தில் ஏறியபோது, கொழும்பு முழுவதும் எனக்கே சொந்தம் போல அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பிள்ளைத்தாச்சிப் பெண்கள், பொல்லு ஊன்றி வரும் பென்ஷன்காரர்கள், கைக்குழந்தையோடு வரும் தாய்மார் எல்லாரும் என் மேசைக்கே வரத் தொடங்கினார்கள். மேலே இருந்தவர்கள் வேலையில்லாமல் இலையான் கலைத்தார்கள். மேசைகள் ஒவ்வொன்றாக இறங்கி, இப்போது பிரிவு முழுக்கக் கீழேதான். பழைய கோப்புகளும் பிரதான அதிகாரியின் அறையும் மட்டும் மேலே.

அவருக்கு இப்போது முழங்கால் வருத்தம். போன கிழமை படிக்கட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார். திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்துவிட்டார்.

"ஏற ஏலாமக் கிடக்கு மிஸ். எனக்கும் இங்க ஒரு மேசை போடலாமோ?"

இத்தனை வருஷமாக வாங்கியதை ஒரு தடவையாவது திருப்பிக் கொடுக்க வேண்டாமா?

"அனே பவ், சேர்" என்றேன். "தாராளமாப் போடலாம்."