என் சாவுக்கு வந்தவர்கள் கேட்ட கச்சேரி

தூத்துக்குடியில் கல்லறைத் தோட்டத்துக்குள் கச்சேரி வைத்தவன் நான்தான். எனக்கு முன்னால் யாரும் வைக்கவில்லை. எனக்குப் பின்னாலும் யாருக்கும் அந்தத் தைரியம் வரவில்லை.

எழுபதுகள். புது ஹார்பர் வேலைக்குக் கல் லாரிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த காலம். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உப்பளத்தில் பாத்தி மிதித்தேன். பிறகு நல்லதண்ணீர் விற்கும் பீப்பாய் வண்டி ஒன்று வாங்கினேன். ஒன்று ஒன்பது ஆனது. கோடை வந்தால் பாதி ஊர் என் தண்ணீரைத்தான் குடித்தது. யாரும் என்னைக் கைதூக்கி விடவில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் கிடையாது.

எங்கள் தெருவில் ஒரு பாட்டு டீச்சர் இருந்தார். நாசரேத் பக்கத்துக்காரர். முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். காலையில் தண்ணீர் ஊற்றப் போனால் தம்புராவை மீட்டிப் பாடிக்கொண்டிருப்பார். குடம் நிறைந்து வழிவது தெரியாமல் நின்றிருக்கிறேன். அப்படிப்பட்ட குரலுக்கு ஒரு தடவைகூட மேடை கிடைக்கவில்லை. "ஒரு நாள், ஒரே ஒரு நாள், நாலு பேர் முன்னால முழுக் கச்சேரி பாடிரணும் அண்ணாச்சி" என்று அவர் சொன்னது என் மனதில் கிடந்தது.

ஊரில் சங்கீத சபா இருந்தது. செயலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார்.

"வேய், அந்தம்மா குரல் பள்ளிக்கூட ஜெபத்துக்கு ஆகும். கச்சேரின்னா என்னன்னு உமக்குத் தெரியுமா? முதல்ல உம்ம காலப் பாரும். சமுக்காளத்த மிதிச்சிராதேயும்."

உப்பு தின்று வெடித்த கால்தான். அதில் எனக்கு என்ன வெட்கம்?

"உம்ம சமுக்காளத்த நீரே சுருட்டி வச்சுக்கிடும்" என்றேன். "இந்தக் கோடை முழுக்க ஞாயித்துக்கிழமை தோறும் நான் கச்சேரி வைக்கேன். டிக்கெட்டு கிடையாது. நீரும் வரலாம்."

சொல்லிவிட்டேன். இடம்? கோயில் பிராகாரத்தில் வைத்தால் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர்கள் வரமாட்டார்கள். சர்ச் வளாகத்தில் வைத்தால் மற்றவர்கள் வரமாட்டார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஊரில் இருந்தது ஒரே இடம்தான்: ஒரு காலத்தில் ஊரை ஆண்ட ஒல்லாந்துக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம். அழுவதற்குச் சொந்தக்காரன் ஒருத்தன்கூட மிச்சமில்லாத கல்லறைகள். சுற்றிலும் மதில், நல்ல நிழல், நாலு மணிக்கு மேல் கடல்காற்று. தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர்களிடம் கேட்டு அனுமதி வாங்கினேன்.

டீச்சர் மட்டும் ஒன்று கேட்டார். "செத்தவங்க கேக்குறதுல எனக்கு ஆட்சேபம் இல்ல அண்ணாச்சி. உயிரோட இருக்கவங்க வருவாங்களா?"

நியாயமான கேள்வி. கல்லறைக்குள் கால் வைத்தால் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது. குடிக்கவே தண்ணீர் இல்லாத கோடையில், சாவு விழாமல் யார் அங்கே வருவார்கள்? வருவதாகச் சொன்ன பிடில்காரர் வீட்டில் தடுத்துவிட்டார்கள். ஆற்றோரத்து விவசாயி ஒருவர் மட்டும் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எங்க வயல்ல இல்லாத பேயா இங்கன இருக்கு?" என்றார்.

நோட்டீஸ் அடிக்கச் சொன்னார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு அரை நாள் ஆகும். என் ஜனங்களுக்கும் அப்படித்தான். அதனால் தெருத்தெருவாகக் கொட்டடித்துச் சொல்ல ஒருவரை அனுப்பினேன். "ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு எல்லாரையும் கல்லறைத் தோட்டத்துக்கு வரச் சொல்லும். தண்ணிவண்டி அண்ணாச்சி பேரைச் சொல்லும்." பாட்டு என்று சொல்ல மறந்தது என் தப்பு. அவர் ஊருக்குச் சாவு சொல்லிப் பழகியவர். அதே அடியைத்தான் அடித்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி. பலகை மேடையில் டீச்சர் கரை போட்ட வெள்ளைப் புடவையோடு தம்புராவை மடியில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். எதிரே கல்லறைகள் மட்டும். வெளியே ரோட்டில் சபா செயலாளர் குடை பிடித்து நின்று வேடிக்கை பார்த்தார். டீச்சர் தம்புராவுக்குத் திரும்பத் திரும்பச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது தெருமுனையில் ஒப்பாரி கேட்டது.

கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஆண்கள் கையில் மாலை. பெண்கள் தலைமுடியை விரித்துவிட்டு வந்தார்கள். முன்னால் வந்தவள் உப்பளத்தில் என்னோடு பாத்தி மிதித்தவள்.

"தண்ணி தந்த மகராசா, தவிக்க விட்டுப் போயிட்டியளே..." என்று மாரில் அடித்துக்கொண்டு வந்தவள், வாசலில் நின்ற என்னைப் பார்த்து அப்படியே நின்றாள். "ஏ பாவி! ஏளா, இங்கன பாரு, குத்துக்கல்லாட்டம் நிக்காரு!"

"ஏலே, அப்ப மாலைய என்ன செய்ய?" என்றான் பின்னால் வந்தவன்.

"என் கழுத்துல போடுலே. வாங்கினது வீணாப் போவாண்டாம்."

போட்டான். வரிசையாகப் போட்டார்கள். தன் சாவுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று எந்தப் பணக்காரனுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். தோட்டம் கொள்ளவில்லை.

விஷயம் தெரிந்ததும் சிரித்துக்கொண்டே திரும்பிப் போகப் பார்த்தார்கள். நான் வாசலை மறித்தேன்.

"எங்க போறிய? கல்லறை மண்ண மிதிச்சாச்சு. இனி எப்படியும் குளிக்கத்தான் வேணும். குளிக்கத் தண்ணி நான் தாரேன். உக்காந்து கேட்டுட்டுப் போங்க."

"நல்லதண்ணியா, உப்புத்தண்ணியா?" என்றாள் அவள்.

"நல்லதண்ணிளா. ஒம்பது வண்டியும் வருது."

அவள் முடியை அள்ளி முடிந்துகொண்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான், எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

டீச்சர் முதலில் பாடியது முகாரி. ராகத்தின் பெயரெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது, அவர்தான் பிறகு சொன்னார். கச்சேரியை அதில் யாரும் தொடங்க மாட்டார்களாம். "அழ வந்தவங்களை முதல்ல அழ விடணும்" என்றார். அழுதார்கள். பிறகு கல்யாணி. மிருதங்கக்காரர் அடித்த அடியில் என் கழுத்து மாலைகள் குலுங்கின. வெயில் தாழும்வரை ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. போகும்போது வாசலில் பீப்பாய் பீப்பாயாகத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு சிரித்துக்கொண்டு போனார்கள்.

அந்தக் கோடையின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அப்படித்தான். கொட்டடிக்க அதே ஆளைத்தான் அனுப்பினேன், அதே அடியைத்தான் அடிக்கச் சொன்னேன். கடைசி வாரமும் செயலாளர் மதிலுக்கு வெளியே குடையோடு நின்றார்.

"உள்ள வாரும்வே. சமுக்காளம் கிடையாது. மண்ணுதான்."

வந்தார். உப்பளத்துக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். முடிந்து வெளியே வந்ததும், பட்டு ஜிப்பாவோடு நின்றவர் தலையில் நானே ஒரு வாளி ஊற்றினேன். மூக்கில் நீர் வழிய, "அந்தம்மாவ அடுத்த மாசம் நம்ம சபாவுல..." என்று இழுத்தார்.

டீச்சரிடம் சொன்னேன். தம்புராவை உறையில் போட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "அங்க கூரை இருக்கு அண்ணாச்சி. எனக்கு மூச்சு முட்டும். வேணும்னா அவரை அடுத்த கோடைக்கு இங்கயே வரச் சொல்லுங்க."

செயலாளர் காதில் விழும்படி, அதை நான் வாசலில் நின்று இரண்டு தடவை உரக்கச் சொன்னேன்.